பலாக்கட்டைத் துப்பாக்கியும் அரை மில்லிமீட்டரும்

காற்றுத் துப்பாக்கியில் பத்து பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, சுட்டேன். பத்தும் அட்டையில்தான் விழுந்தன. சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. எட்ட எட்ட விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே வெர்னியர் அளவுகோலை வைத்தேன். 48 மில்லிமீட்டர். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டையில் கடைசி வளையத்தின் குறுக்களவே 45.5 மில்லிமீட்டர்தான். நடுவில் இருக்கும் பத்துப் புள்ளிப் பொட்டு அரை மில்லிமீட்டர்.

அண்ணன் மகள் அட்டையை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "கடற்கரையில் பலூன் சுட இது போதும், சித்தப்பா" என்றாள்.

இந்தத் துப்பாக்கியைச் சேர்த்துப் பூட்டியதே அவளுக்காகத்தான். பயிற்சி மையத்தில் அவளுக்கு வாரத்துக்கு இரண்டு நாள்தான் முறை வருகிறது. அவள் அலமாரிக் கதவின் உட்புறத்தில் இளவேனில் வாலறிவனின் படம் ஒட்டியிருக்கிறது. இளவேனில் பிறந்தது எங்கள் கடலூரில்தான்; 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் தங்கம் வாங்கினார். மற்ற நாள்களில் வீட்டிலேயே பழக ஒரு துப்பாக்கி இருந்தால் நன்றாக இருக்கும் என்று அண்ணி சொன்னார். புதிதாக வாங்கலாமே என்று யாரும் சொல்லும் முன்பே நான் "செய்து தருகிறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் ஃபிட்டராக இருந்தவனுக்கு வரும் வியாதி அது.

மாமனார் விட்டுப்போன பழைய ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்று பரணில் கிடந்தது. குழலை நடுவில் மடக்கி விசை ஏற்றும் வகை. உடல் உறுதியாக இருந்தது. குழலின் உள்பக்கம் கடலூர் முதுநகர் உப்புக் காற்றில் அரித்துப் போயிருந்தது. மரக்கட்டையைச் செல் தின்றிருந்தது. புதுக் குழலும் அதன் அடிக்கட்டையும் (குழலை மூட்டில் சேர்க்கும் இரும்புத் துண்டு) சேர்ந்த உதிரி ஒன்று, ஸ்பிரிங், பிஸ்டன் சீல் எல்லாம் தபாலில் வரவழைத்தேன். கண்ணை வைத்துப் பார்க்கும் துளைக் குறி, அதாவது பீப் சைட், பயிற்சி மையத்தில் ஒருவர் கழற்றிப் போட்டிருந்தது. 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் முனையாற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. எங்களுடையது அதில் பாதிக்கும் கீழே. 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 165 மீட்டர் வேகத்தில் போனால் ஏழு ஜூல் சொச்சம்தான் வருகிறது.

மரக்கட்டை பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசியில் விஷயம் அங்கேதான் வந்து நின்றது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் சாய்ந்த பலா மரங்களுக்குக் கணக்கில்லை. எனக்குத் தெரிந்த ஆசாரி அப்போது வாங்கிப் போட்ட பலகை ஒன்றை இன்னும் வைத்திருந்தார். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம். அறுத்தபோது மஞ்சள் தூள் கொட்டியதுபோல இருந்தது. எண்ணெய் ஏறியதும் தேன் நிறத்துக்கு வந்தது. பழைய கட்டையை மாதிரி வைத்து அவர் செதுக்கினார். "முன்பகுதி என் கைக்குக் கொஞ்சம் தடிமனாக இருக்கிறது" என்று அண்ணன் மகள் சொன்னதால் இடப்பக்கக் கன்னத்தை மட்டும் உப்புத்தாளால் இன்னும் தேய்த்து ஒல்லியாக்கினார். நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சுடும் இடம் எங்கள் வீட்டுப் பின்கட்டு. கிணற்றடியிலிருந்து மதில் வரை அளந்தால் பதினொரு மீட்டர். மதிலுக்கு முன்னால் மரப்பெட்டி, அதற்குள் சாய்த்து வைத்த இரும்புத் தகடு, தகட்டுக்கு முன்னால் பழைய சாக்குத் துணி. சுடும் நேரத்தில் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள், எல்லோர் கண்ணுக்கும் கண்ணாடி. ஈயத்தைத் தொட்ட கையோடு யாரும் முறுக்கை எடுக்கக் கூடாது என்பது அண்ணி போட்ட சட்டம்.

முதல் சந்தேகம் சுடுகிறவன் மேல். அது நியாயமானதுதான்; எனக்கு வயது அறுபத்திரண்டு. துப்பாக்கியைப் பெஞ்சு வைஸில் ரப்பர் வைத்து இறுக்கிச் சுட்டுப் பார்த்தேன். இன்னும் மோசமாகப் பரவியது. இங்கே ஸ்பிரிங் துப்பாக்கியின் குணத்தைச் சொல்லியாக வேண்டும். விசையைத் தட்டியதும் கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது, துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. பிஸ்டன் முட்டி நின்றதும் துப்பாக்கி முன்னால் இழுக்கிறது. இந்த ஊசலாட்டம் முடியும் முன்னரே பெல்லட் குழலைத் தாண்டுவதால், துப்பாக்கி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆட இடம் கொடுக்க வேண்டும். கெட்டியான செங்கல் மேலோ வைஸிலோ வைத்தால் அது துள்ளுகிற விதம் மாறிவிடும். பயிற்சி மையத்தில் இருப்பவை காற்று அடைத்த சிலிண்டர் உள்ளவை. அவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவற்றைப் பிடிக்கும் பிடியே இதற்கும் போதும் என்று நான் நினைத்ததுதான் தவறு.

இலவம்பஞ்சுத் தலையணை மேல் இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் துப்பாக்கியைச் சும்மா கிடத்தி, தோளில் அழுத்தாமல் சுட்டேன். 43. அண்ணன் மகளும் அதே மாதிரி சுட்டாள். அவளுக்கும் 41. மையத்துத் துப்பாக்கியில் பத்தையும் எட்டு மில்லிமீட்டருக்குள் போடுகிறவள் அவள். ஆக, சுடுகிறவர்கள் மேல் பழி இல்லை.

அடுத்தது பெல்லட். கடையில் மலிவாகக் கிடைத்த டப்பாவைத்தான் முதலில் வாங்கியிருந்தேன். நகை எடை போடும் சிறு தராசில் இருபதை நிறுத்தேன், 0.49 கிராமிலிருந்து 0.56 வரை இருந்தது. சிலவற்றின் பாவாடை, அதாவது விரிந்த பின்பகுதி, ஓரத்தில் நசுங்கியிருந்தது. போட்டிக்கு வாங்கும் தட்டைத் தலைப் பெல்லட்டில் இருபதும் 0.52, 0.53-க்குள் நின்றன. பெல்லட்டைக் குழல் வாயில் கட்டை விரலால் அழுத்தினால் தலை லேசாக நுழைந்து பாவாடை சற்றே தடுத்து நிற்க வேண்டும். மலிவு டப்பாவில் சில தானாகவே உள்ளே விழுந்தன, சில ஏறவே மறுத்தன. அந்த டப்பா இப்போது கொல்லையில் தகரக் குவளை சுடப் பயன்படுகிறது. இதில் ஐந்து மில்லிமீட்டர் குறைந்தது.

இதற்கு நடுவே இன்னொரு கூத்து. முதல் நாள் முழுக்க ஒவ்வொரு வெடிக்கும் ஒரு புகை வாசம் வந்துகொண்டிருந்தது, கருகிய தாளிப்பு போல. சிலசமயம் சாதாரண டப் என்ற சத்தத்துக்குப் பதில் சுரீரென்று ஒரு சத்தம். பூட்டும்போது தாராள மனத்தோடு எண்ணெய் விட்டிருந்தேன். பிஸ்டன் காற்றை நெருக்கும்போது அது சூடாகி எண்ணெயைக் கொளுத்திவிடுகிறது, டீசல் எஞ்சின் மாதிரி. எரிந்த தடவை வேகம் ஏறும், எரியாத தடவை இறங்கும். பிரித்துத் துடைத்து, பிஸ்டனின் பக்கங்களில் மட்டும் மாலிப்டினம் கிரீஸ் தடவி மறுபடி பூட்டினேன். ஸ்பிரிங்கை அமுக்க ஒரு கவ்வி செய்து வைத்திருக்கிறேன். அது இல்லாமல் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது. ஸ்பிரிங் விடுபட்டால் பல்லோடு போகும்.

வேகம் அளக்கும் கருவியை மையத்துப் பயிற்சியாளரிடம் இரவல் வாங்கினேன். எண்ணெய் எரிந்துகொண்டிருந்தபோது 150-க்கும் 165-க்கும் இடையே அலைந்தது, துடைத்த பிறகு மூன்று நான்கு மீட்டர் வித்தியாசத்துக்குள் அடங்கியது. ஆஹா, பிடித்துவிட்டேன் என்று குதித்தேன். அண்ணன் மகள்தான் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டாள். 165 மீட்டர் வேகத்தில் பத்து மீட்டர் போக 0.0606 விநாடி, அதற்குள் பெல்லட் விழும் ஆழம் 18 மில்லிமீட்டர். 150-இல் போனால் 22. "வித்தியாசம் நான்கு மில்லிமீட்டர், சித்தப்பா. அதுவும் மேல் கீழாக மட்டும். நமக்குப் பக்கவாட்டிலும் அல்லவா பரவுகிறது?" பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல். கொல்லையில் ஒரு வாரமாக உருண்டுகொண்டிருந்த எனக்கு அது தோன்றவில்லை.

குழலும் உடலும் சேரும் வாயில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன். டிஷ்யூ தாளைக் குறுகக் கிழித்து மூட்டின் மேல் வைத்துச் சுட்டால், கசிந்தால் தாள் துள்ளும். லேசாகத் துள்ளியது. ரப்பர் வளையத்தை மாற்றி அடியில் மெல்லிய தாளில் ஒரு வாஷர் வெட்டி வைத்தேன். துள்ளல் நின்றது. அட்டையில் ஒன்றும் மாறவில்லை.

குழல் முனையில் காது குடையும் பஞ்சைச் சுற்றினேன். ஐந்து மணி இருக்கும் இடத்தில் ஒரு நூல் மாட்டிக்கொண்டது. பிசிர். பெல்லட் வெளியேறும் கடைசிக் கணத்தில் ஒரு பக்கம் மட்டும் காற்று முந்தினால் பெல்லட் சாய்ந்து போகும். உருண்டைத் தலைப் பித்தளைத் திருகு ஒன்றில் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவி, கை டிரில்லில் மாட்டி, முனையில் வைத்து எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து மெல்லச் சுழற்றினேன். இரும்பை விட மெதுவான பித்தளைதான் இதற்கு. அதன் உருண்டைத் தலை தானாகவே நடுவில் உட்காரும். குழலுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு செய்ய வேண்டும், பேஸ்ட் உள்ளே போனால் தீர்ந்தது. பத்து நிமிடத்தில் முனையில் ஒரே அகலத்தில் ஒரு வெள்ளி வளையம் தெரிந்தது. பார்க்க அவ்வளவு அழகு. 38.

அதற்கு மேல் இறங்கவில்லை.

இப்படி ஒரு துப்பாக்கி பரவிச் சுட்டால் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, மரக்கட்டைத் திருகுகளை இறுக்கு என்பதுதான். ஸ்பிரிங் துப்பாக்கி உதறும் உதறலில் அவை கழன்றுகொண்டே இருக்கும். என் நோட்டில் நான்காம் நாள் பக்கத்தில் என் கையாலேயே இப்படி இருக்கிறது: "காலை, 30. இடது முன் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. இறுக்கினேன். மாலை, 52." பக்கத்தில் "கடல் காற்று?" என்று ஒரு கேள்விக்குறி வேறு. திருகு தளர்ந்திருந்தபோது நன்றாகச் சுட்டது, இறுக்கியதும் கெட்டது என்று எழுதி வைத்துவிட்டு, பின்கட்டுக்குள் வராத கடல் காற்றின் மேல் பழியைப் போட்டிருக்கிறேன். எழுதியவன் படித்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அதற்குப் பதிலாக மரத்தைச் சந்தேகித்தேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டது. மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும், உடலை ஒரு பக்கமாக நெருக்குகிறது என்று முடிவு கட்டி, ஆசாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"ஐயா, தானே புயலில் விழுந்த மரம். என் தலைக்கு மேலே பரணில் கிடந்து காய்ந்தது. இந்த மழைக்கா உப்பப் போகிறது?"

உடலுக்கும் மரத்துக்கும் நடுவே சிகரெட் தாளை நுழைத்து நீளம் முழுக்க இழுத்துக் காட்டினார். எங்கும் நெருக்கவில்லை. "நீங்கள் இரும்பைப் பாருங்கள்" என்றார். கோபம்தான். நியாயமான கோபம்.

அன்று மாலை மனம் சரியில்லாமல் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். பலூன் சுடும் கடை வைத்திருக்கும் பெரியவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். அவருடைய துப்பாக்கி ஒன்றைக் கையில் வாங்கி, பழக்கதோஷத்தில் குழல் முனையைப் பிடித்து ஆட்டினேன். கடக் கடக்கென்று ஆடியது. என்னுடையது அதில் பத்தில் ஒரு பங்கு கூட ஆடாது. ஐந்து பலூன் சுட்டேன், நான்கு உடைந்தன.

"என்ன பெரியவரே, குழல் இப்படி ஆடுகிறதே?"

"ஆடட்டுமே. பார்க்கிற இடமும் சேர்ந்துதானே ஆடுகிறது?" என்றபடி பலூன் ஊதப் போய்விட்டார்.

பார்க்கிற இடம். அந்தத் துப்பாக்கியில் முன் குறி குழலின் முனையில், பின் குறி குழலின் அடியில். இரண்டும் குழலின் மேலேயே இருக்கின்றன. மூட்டு எப்படி ஆடினாலும் கண் பார்க்கும் கோடும் குழலும் ஒன்றாகவே ஆடும். நான் என்ன செய்திருக்கிறேன்? முன் குறி குழல் முனையில் இருக்கிறது. பின் குறியைக் கழற்றிப் போட்டுவிட்டு, பீப் சைட்டைக் கொண்டுபோய் உடலின் பின்பக்கப் பள்ளத்தில் மாட்டியிருக்கிறேன். நடுவே மூட்டு. குழல் ஒவ்வொரு முறை மடங்கி மூடும்போதும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தால்தான் என் கோடு கோடாக இருக்கும்.

இரவோடு இரவாகப் பழைய பின் குறியைத் தேடி எடுத்தேன். காலையில் குழலின் அடிக்கட்டையில் மாட்டி, பீப் சைட்டைத் தொடாமல், அந்தத் திறந்த குறியில் பத்து சுட்டேன். இந்தக் கண்ணுக்கு அந்த ஓட்டைப்பல் குறியே மங்கலாகத்தான் தெரிகிறது. ஆனாலும் 20. குழல் நல்லது. பெல்லட் நல்லது. மூட்டுதான்.

அண்ணன் மகள் பழைய அட்டைகளை எல்லாம் எடுத்து வந்தாள். டிரேசிங் தாளை மேலே வைத்து, என் அட்டைகளின் ஓட்டைகளைச் சிவப்பிலும் அவளுடையதை நீலத்திலும் குறித்தாள். ஒரே பரப்பில் சிதறியவை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவை இரண்டு கூட்டங்களாகப் பிரிந்தன. சிவப்பு பெரும்பாலும் இடப்பக்கம் மேலே, நீலம் பெரும்பாலும் வலப்பக்கம் கீழே. மையங்களுக்கு நடுவே 19 மில்லிமீட்டர்.

"நீங்கள் குழலை எப்படி மூடுவீர்கள், சித்தப்பா?"

நான் மூடிக் காட்டினேன். படீர்.

"நான் இப்படி மூடுவேன்." அவள் மெல்லத் தள்ளினாள். மையத்தில் லட்சக்கணக்கில் விலையுள்ள துப்பாக்கியைத் தொட்டுப் பழகிய கை அது.

முதுநகரில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் லேத்துப் பட்டறை ஒன்றில் டயல் கேஜ் உண்டு, நுண்ணிய அசைவையும் ஊசியால் காட்டும் கருவி. துப்பாக்கியைத் துணி சுற்றிக் கொண்டுபோனேன். உடலை வைஸில் செருப்பு ரப்பர் வைத்துப் பிடித்து, காந்தத் தாங்கியில் டயலைப் பூட்டி, அதன் ஊசி குழல் முனையின் பக்கவாட்டில் தொடுமாறு வைத்தோம். விசை ஏறும் அளவுக்கு மடக்காமல், வாய் திறக்கும் அளவுக்கு மட்டும் மடக்கி மூடினேன். ஓங்கி மூடினால் ஊசி பூஜ்யத்துக்கு வந்தது. மறுபடி ஓங்கினால் 0.05, மறுபடி 0.02. மெல்ல மூடினேன். ஊசி ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றி 1.95-இல் நின்றது. மறுபடி மெல்ல: 2.04. பட்டறைப் பையன் வாயால் விசில் அடித்தான். படகு புரொப்பல்லர் ஷாஃப்டில்கூட இவ்வளவு பார்த்ததில்லையாம்.

கணக்கும் உட்கார்ந்தது. மூட்டிலிருந்து குழல் முனை 45 சென்டிமீட்டர், பீப் சைட் மூட்டுக்குப் பின்னால் 30. முனை இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தால், குழல் பார்க்கும் திசை பத்து மீட்டரில் 44 மில்லிமீட்டர் விலகும். ஆனால் முன் குறியும் முனையோடு சேர்ந்து நகர்வதால், சுடுபவர் தன்னையறியாமலே அதில் பெரும்பகுதியைத் திருத்திக்கொள்கிறார். மிஞ்சுவது 75-இல் 30 பங்கு, அதாவது கிட்டத்தட்ட 18 மில்லிமீட்டர். டிரேசிங் தாளில் இருந்தது 19.

அச்சு போல்ட் தளர்வு என்றுதான் நினைத்தேன். ஆனால் போல்ட் கெட்டியாகவே இருந்தது. மரக்கட்டையைக் கழற்றிவிட்டு வெறும் உடலோடு டயலில் வைத்தோம். மெல்ல மூடினாலும் ஓங்கி மூடினாலும் 0.1-க்குள். மரத்தை மாட்டினோம், திருகுகளைப் போட்டோம். மறுபடி இரண்டு மில்லிமீட்டர். பட்டறைக்காரர் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு திருகாகத் தளர்த்தச் சொன்னார். வலது முன் திருகு, மாற்றமில்லை. இடது முன் திருகை அரைச் சுற்று தளர்த்தியதும் ஊசி பூஜ்யத்தை நோக்கி ஓடியது.

குழலைக் கழற்றி அதன் அடிக்கட்டையின் இடப்பக்கத்தை விளக்கடியில் திருப்பினேன். கறுப்புப் பூச்சின் மேல் வில்லாக வளைந்த ஒரு கோடு, புது ஐந்து ரூபாய் போல மின்னியது. முன் திருகின் நுனி உரசிய தடம்.

நடந்தது இதுதான். முன் திருகு மரத்தின் கன்னத்தைத் துளைத்து, குழலைத் தாங்கும் கவையின் இரும்பில் மறையேறுகிறது. பழைய கட்டையில் திருகுத் தலைக்குக் கீழே மரம் பத்து மில்லிமீட்டர், கவை ஐந்து, திருகு பதினைந்து. நுனி கவையின் உள்முகத்தோடு சமமாக நிற்கும். புதுக் கட்டையில் இடப்பக்கக் கன்னத்தை ஒல்லியாகத் தேய்த்தோமே, அங்கே மரம் 9.5. திருகை நான் மாற்றவில்லை. அதனால் நுனி அரை மில்லிமீட்டர் உள்ளே நீட்டிக்கொண்டு அடிக்கட்டையை வலப்பக்கம் தள்ளியது. கவைக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே இருந்த இடைவெளி அதை விடக் குறைவு. மெல்ல மூடினால் அந்த உரசலில், குழலை மூடிய நிலையில் பிடிக்கும் பூட்டு நாக்கு முழுதும் விழாமல் குழல் சற்றுச் சாய்ந்து, சற்றுத் தாழ்ந்து நின்றது. ஓங்கி மூடினால் உரசலை மீறிப் போய் உட்கார்ந்தது. திருகை இறுக்க இறுக்க நோய் கூடியது.

"அரை மில்லிமீட்டரா? பத்துப் பொட்டின் அளவு" என்றாள் அண்ணன் மகள், சாயங்காலம் சொன்னபோது.

சரிசெய்ய ஐந்து நிமிடம்தான் ஆனது. திருகின் நுனியை அரத்தால் ஒரு மில்லிமீட்டர் குறைத்து, மறை கெடாமல் இருக்க முன்பே ஒரு நட்டை ஏற்றி வைத்து, கடைசியில் அதைக் கழற்றி மறையின் வாயைச் சுத்தப்படுத்தினேன். வலது திருகையும் அதே அளவுக்குக் குறைத்தேன். அதில் பிழை இல்லை, எனக்கு நம்பிக்கைதான் இல்லை. தலைக்குக் கீழே குழிந்த வாஷர் வைத்தேன், மரத்துக்குள் தலை புதையாமல் இருக்க. திருகு கழலாமல் இருக்க மறைக்கு மென்மையான பிடிப்புப் பசை ஒரு சொட்டு. இப்போது திருகு முழுக்க இறுகிய நிலையிலும் டயல் ஊசி 0.1-ஐத் தாண்டவில்லை, யார் எப்படி மூடினாலும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பீப் சைட்டை மறுபடி மாட்டிச் சுட்டோம். தலையணை மேல் நான் சுட்டது 17, அவள் சுட்டது 12. ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இது போதும் என்று நான் நினைக்கிறேன். அவள் நின்றுகொண்டு சுட்ட அட்டையை இங்கே எழுதவில்லை. அது அவள் கணக்கு, பயிற்சியாளரிடம் போயிற்று.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டுச் சுடும் முதல் பெல்லட் எப்போதும் ஏழு எட்டு மில்லிமீட்டர் கீழே விழுகிறது. கிரீஸ் குளிர்ந்து இறுகுகிறதா, சீல் சூடேற நேரம் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்போதைக்கு முதல் இரண்டைக் குவளையில் சுட்டுவிட்டுத்தான் அட்டைக்குப் போகிறோம்.

மாலையில் ஆசாரியின் பட்டறைக்குப் போனேன். குறைத்த திருகையும் அட்டையையும் காட்டினேன். அட்டையை அவர் பார்க்கவே இல்லை. திருகை மட்டும் வாங்கி, நுனியை நகத்தால் தடவிப் பார்த்தார். "இரும்பு என்றுதானே சொன்னேன்" என்றார். பிறகு, மீதிப் பலாத்துண்டு எங்கே என்று கேட்டார். பேத்திக்கு உட்காரும் மணை செய்ய வேண்டுமாம். நாளை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.